அரைப்பேரும் முழுமை வேட்கையும்: வளர்ந்தோரின் அவதானக் குறைபாட்டுச் சிகிச்சை பற்றிய ஒரு நோக்கு

உளவியல் விவரிக்கும் நோய்களும் அவற்றுக்கென அது வகுத்துள்ள சிகிச்சைகளும் ஏதோ ஒரு சமூகத்தின் வாழ்க்கையை அடிநிலையாகக் கொண்டு உருவானவை. அவை பிறிதொரு சமூகத்துக்கு வந்து சேரும்போது அங்குள்ள வாழ்நிலையோடு அவற்றை உரைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு சிறுவருக்கு மட்டும் உரியதன்று, வளர்ந்தோரிடமும் நிலைத்து நிற்பது என்ற கருத்து மேனாட்டிலே வேரூன்றிச் சில தசாப்தங்களாகின்றன. அதற்கான பேச்சுச் சிகிச்சைகளும் கைந்நூல்களாக வெளிவந்துள்ளன. இச்சிகிச்சைகள் தன்னையம், முழுமை வேட்கை ஆகிய இரண்டினையும் முக்கிய பிரச்சினைகளாகக் கொண்டுள்ளன. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் இளந்தலைமுறையினருக்கு இவை எவ்வளவு தூரம் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குற்றமா, குறைபாடா?

ஆங்கிலச் சிறுவர் மருத்துவரான ஜோர்ஜ் ஸ்ரில் 1902ஆம் ஆண்டில் லண்டனில் ஆற்றிய உரைகளிலேயே இக்கோளாறு பற்றிய நவீன மருத்துவச் சிந்தனை தொடங்குகின்றதென்பர். அறிவிற் குறையற்ற சில சிறுவர் ஓரிடத்தில் நில்லாது, எடுத்த காரியத்திலே மனம் ஊன்றாது இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆயின், அதனை அவர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்றே பெயரிட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1937இல் அமெரிக்க மருத்துவர் சார்ள்ஸ் பிராட்லி ஊக்க மருந்தொன்று இத்தகைய சிறுவரிடம் ஏற்படுத்திய மாற்றத்தைப் பதிவுசெய்தார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கைந்நூல் அவதானக் குறைபாட்டையே இதன் மையக் கூறாகக் கொண்டது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. 2013இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு, பதினேழு வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதிலாக ஐந்து போதும் என்றும், அறிகுறிகள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒழுக்கக் குறைபாடு என்ற நிலையிலிருந்து நரம்பியல் வளர்ச்சி சார்ந்த குறைபாடு என்ற நிலைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

தமிழ் மரபு இதனை எவ்வாறு நோக்கியது? வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், துயில் ஆகிய நான்கினையும் ஒரே குறளில் நிரைப்படுத்தி, கெட விரும்புவோர் ஏறும் கலம் எனச் சுட்டினார். கெடுதலை ஒருவன் விரும்பியே ஏற்கின்றான் என்பதே அதன் உட்கருத்து. அரசியலுக்கு அறிவுரை கூறும் நூலில் இது பொருத்தமானதே. ஆனால், காலந்தாழ்த்தலும் மறதியும் விருப்பத்தின் பாற்பட்டவை என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் வலுவாக இருப்பதால், எழுதத் தொடங்க முடியாது தவிக்கும் மாணவனுக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி' என்பதாகவே உள்ளது. தோட்டப்புறத்திலே இச்சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. துரைமாரும் கங்காணிமாரும் தொழிலாளரை அடக்கி வேலைவாங்கப் பயன்படுத்திய சொற்களில் அதுவும் ஒன்று. ஆதலால் ஊவாத் தோட்டத்துப் பிள்ளையொன்று அச்சொல்லைக் கேட்கும்போது, தனக்குரிய வசையோடு தன் பாட்டன் பாட்டிக்குரிய வசையையும் சேர்த்தே கேட்கின்றது.

2. சிகிச்சை கூறுவது யாது?

வளர்ந்தோருக்கான பேச்சுச் சிகிச்சைகளிலே நன்கு ஆராயப்பட்டது அறிகை நடத்தைச் சிகிச்சையாகும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்து ஸ்ரீவன் சஃப்ரெனும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து உட்கொண்டும் அறிகுறிகள் எஞ்சி நின்ற 86 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இச்சிகிச்சையையும் மறு பிரிவினருக்குத் தளர்வுப் பயிற்சியுடன் கூடிய கல்விசார் ஆதரவையும் பன்னிரண்டு அமர்வுகளாக வழங்கினர். முதற் பிரிவினரே கூடிய பயன் பெற்றனர். அதே ஆண்டில் மேரி சொலான்ரோ குழுமுறையில் நடத்திய ஆய்வும் 88 பேரிடம் இத்தகைய முடிவையே கண்டது.

இச்சிகிச்சையின் முறைகள் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானவை. எல்லா வேலைகளையும் ஒரே கொப்பியில் எழுதி, அவற்றை முக்கியத்துவத்துக்கேற்ப வரிசைப்படுத்தல் முதலாவது. தன் மனம் ஒரு காரியத்தில் எத்தனை நிமிடம் நிலைக்கின்றதென அளந்து, வேலையை அந்த அளவுக்கேற்பத் துண்டாக்கிக் கொள்ளல் இரண்டாவது. இடையிலே வேறோர் எண்ணம் குறுக்கிட்டால் அதன் பின்னாலே போகாது, தாளில் குறித்துவைத்துவிட்டு எடுத்த வேலைக்கே மீளல் மூன்றாவது. இவற்றுக்குப் பின்னரே மனத்தின் தீர்ப்புகளைப் பரிசோதிக்கும் பகுதி வருகின்றது.

தன்னையமும் முழுமை வேட்கையும் இப்பகுதியிலேயே எழுகின்றன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முரணாகத் தோன்றலாம். மறதியும் ஒழுங்கின்மையும் உடையவரிடம் முழுமை வேட்கை எங்ஙனம் இருத்தல் கூடும்? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய றசல் ராம்சே இதற்குத் தரும் விளக்கம் குறிப்பிடத்தக்கது. இவர்களிடம் காணப்படுவது செய்து முடித்ததை மெருகூட்டும் வேட்கையன்று. தொடங்குவதற்கு முன்னரே சூழலும் மனநிலையும் யாவும் சரியாக அமைந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை. அந்நிபந்தனை என்றும் நிறைவேறுவதில்லை. ஆகவே வேலை தொடங்கப்படுவதில்லை. தொடங்காமை தோல்வியாகின்றது. தோல்வி 'என்னால் இயலாது' என்ற ஐயத்துக்குச் சான்றாகின்றது. அந்த ஐயமே அடுத்த முறை நிபந்தனையை மேலும் கடுமையாக்குகின்றது. சிறுவயது முதல் ஆயிரம் முறை கண்டிக்கப்பட்டவர் ஆயிரத்தோராவது கண்டிப்பைத் தவிர்ப்பதற்காக எழுப்பிக்கொண்ட அரணே இம்முழுமை வேட்கை எனலாம்.

3. 'அரைப்பேர்' என்னும் அளவுகோல்

இவ்விடத்திலே மலையகத்தின் ஒரு சொல்லை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தோட்டத்துச் செக்ரோலிலே ஒரு நாள் உழைப்பு 'பேர்' என வழங்கப்படும். காலையிற் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்தெடுத்து, மடுவத்திலே நிறுத்துக் கொடுக்கும் தொழிலாளி குறித்த நிறையை எட்டினால் அவருக்கு ஒரு பேர். எட்டாவிடின் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும் இந்நிறை அண்மைக் காலங்களிற் பல இடங்களில் 16, 18 கிலோ என்ற அளவிலே விதிக்கப்பட்டு வந்துள்ளது. பதினெட்டு வேண்டுமிடத்துப் பதினேழு கிலோ கொடுத்தவருக்கும் பன்னிரண்டு கிலோ கொடுத்தவருக்கும் அரைப்பேரே விழக்கூடும். ஈரமென்றும் முத்தலென்றும் கழிக்கப்படுவது வேறு. மழை, வங்கிக் கொழுந்து, பிள்ளையின் காய்ச்சல் ஆகியன ஏட்டிலே ஏறுவதில்லை.

அறிகை நடத்தைச் சிகிச்சை 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்னும் சிந்தனையை ஒரு திரிபென வகைப்படுத்துகின்றது. நூற்றுக்குத் தொண்ணூறு செய்ததைச் செய்யாததற்குச் சமனாக மதித்தல் மனத்தின் பிழையென்பது அதன் வாதம். நகரத்து அலுவலகரொருவரிடம் இது பிழையாகவே இருத்தல் கூடும். ஆனால், மடுவத்திலே நிற்கும் தாயைப் பொறுத்தவரை அது பிழையன்று, அவருடைய நாட்சம்பளத்தைக் கணிக்கும் விதி. அவ்விதியைச் சூழவே குடும்பத்தின் அரிசியும் மாவும் பிள்ளையின் சப்பாத்தும் அமைகின்றன. பல தலைமுறையாக இவ்வளவுகோலின் கீழ் வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகளிடம் சென்று, 'நீ நினைப்பது திரிபு' எனக் கூறும் சிகிச்சையாளர் உண்மையைக் காணத் தவறியவராவார்.

எனினும் விமர்சனம் இங்கேயே நின்றுவிடலாகாது. நின்றுவிடின் சமூகக் காரணத்தைக் காட்டித் தனிமனிதரின் துயரைக் கைவிட்டதாக முடியும். மடுவத்தின் தராசு மடுவத்திலே உண்மை. அதே தராசை அம்மாணவன் தன் கட்டுரை மீதும், வகுப்பிலே கேட்க நினைத்துக் கேளாது விட்ட கேள்வி மீதும், தன் மீதும் வைக்கும்போது அது திரிபாகின்றது. மூன்று பக்கம் எழுதிய ஒருவர் பத்துப் பக்கம் எழுதவில்லையென அதனைக் கிழித்தெறிந்துவிட்டு ஒன்றுமே ஒப்படைக்காது விடுவாராயின், அவருக்கு அரைப்பேர் போடுவது எந்தக் கணக்கப்பிள்ளையுமல்லர். ஆகவே சிகிச்சையாளர் 'இச்சிந்தனை பிழை' எனத் தொடங்காது, 'இவ்வளவுகோல் எங்கே செய்யப்பட்டது, அது இங்கே செல்லுபடியாகுமா?' எனத் தொடங்குதல் வேண்டும். கேள்வி இவ்வாறு அமையும்போது பெற்றோரின் வாழ்வனுபவம் இழிவுபடுத்தப்படுவதில்லை. பிள்ளையும் அதற்குள்ளே சிறைப்படுவதில்லை.

4. காம்பராவும் மேசையும்

கைந்நூல்களின் இன்னொரு எடுகோளையும் நோக்குதல் தகும். கவனச் சிதறலைக் குறைக்கும் வழிகளாக அவை கூறுவன: தனி மேசை, சுவரைப் பார்த்த இருக்கை, சாத்திய கதவு, அமைதி. பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தவரும் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவருமான தெளிவத்தை ஜோசப் (1934–2022), 'மீன்கள்' என்ற சிறுகதையில் ஒரே காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் உறங்க நேரும் நெருக்கடியையும் அதனாற் சிதையும் மானத்தையும் காட்டினார். லயத்துக் காம்பரா பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டதென்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அந்தக் கதை நெருக்கடியை வசதிக்குறைவாக மட்டும் காணாது, அகத்தைத் தாக்கும் ஒன்றாகக் கண்டது. மலையக இலக்கியம் கூட்டுத் துயரையே பாடியது, தனிமனித மனத்தைத் தீண்டவில்லை என்பாருக்கு இது தக்க மறுமொழியாகும். உளவியலாளரும் இதனின்று கற்றுக்கொள்ள வேண்டியதுண்டு. கதவே இல்லாத இடத்தில் வாழ்பவருக்குக் கதவைச் சாத்துமாறு கூறுதல் அறிவுரையாகாது. தான் மீண்டும் ஒன்றைச் செய்யத் தவறினேன் என்ற எண்ணத்தையே அது வளர்க்கும்.

காலம் பற்றிய எடுகோள் இதனினும் சிக்கலானது. இக்கோளாறு உள்ளோர்க்குக் காலத்தையும் ஊக்கத்தையும் புறத்தே அமைத்துத் தருதல் வேண்டுமென்பது சிகிச்சையாளர் பலரின் கொள்கை. மணியோசை, குறுகிய வேலைத்துண்டுகள், உடனடி விளைவு, அருகே ஒருவரின் பார்வை ஆகியன அதற்கான கருவிகள். தோட்ட வாழ்வை அறிந்தோருக்கு இப்பட்டியல் புதியதன்று. முற்காலத்திலே விடியலில் தப்பு முழங்கியது, பின்னர் சங்கு ஊதியது. நிரை பிரித்துக் கொடுக்கப்படும். நாளுக்கு இருமுறை மும்முறை நிறுவை நடக்கும். கங்காணியின் கண் எப்போதும் முதுகின் மேலிருக்கும். சிகிச்சை முயன்று உருவாக்க விரும்பும் புறக்கட்டமைப்பு அங்கே அளவுக்கு மிஞ்சியே இருந்து வந்துள்ளது. இதனால் இரு விளைவுகளைக் கருதலாம். ஒன்று, கவனக் குறைபாடுடைய ஒருவர் தோட்டத்தில் இருக்குமட்டும் அக்குறைபாடு வெளித்தெரியாது போகலாம். சங்கு ஊதாத பல்கலைக்கழகத்திலும், மாதக்கணக்கில் யாரும் எதுவும் கேளாத விடுதியறையிலும், தானே நேரத்தை வகுக்க வேண்டிய தொழிலிலும் அது முதன்முறையாகத் தலைகாட்டலாம். மற்றது, புறக்கட்டமைப்பு என்றாலே அடக்குமுறையை நினைவுகூரும் மனத்துக்கு அட்டவணையும் மணியும் வெறுப்பூட்டலாம். அட்டவணையை மீறுதலே அத்தகையவருக்கு விடுதலையாகத் தோன்றும். சஃப்ரெனின் நூலோ ராம்சேயின் நூலோ இப்பிரச்சினைக்காக எழுதப்பட்டவையல்ல. இங்கு சிகிச்சை பயன்தர வேண்டுமாயின், அட்டவணை துரையின் ஏடன்று, தானே எழுதித் தானே திருத்தும் ஏடு என்ற உணர்வை முதலில் ஏற்படுத்துதல் வேண்டும்.

5. ஒரு லயத்தின் எதிர்பார்ப்பு

முழுமை வேட்கையை ஹியூவிற், ஃபிளெற் ஆகியோர் 1991இல் மூவகைப்படுத்தினர். தன்னிடம் தானே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் முழுமையை எதிர்பார்ப்பதாக உணர்வது என்பன அவை. இவற்றுள் மூன்றாவதே மனச்சோர்வுடன் நெருங்கிய தொடர்புடையதாகப் பெரிதும் கருதப்படுவது. ஊவாத் தோட்டத்து மாணவரின் நிலை இம்மூன்றாவதன் தெளிந்த வடிவமாகும். தோட்டப் பாடசாலைகள் 1970களிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. நெடுங்காலம் ஓரிரு ஆசிரியருடன் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்ட பாடசாலைகள் அவை. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டியிருந்த தலைமுறைகள் உண்டு. இவற்றைத் தாண்டி வரும் ஒருவர் ஒரு குடும்பத்தின் பிள்ளையாக மட்டும் வருவதில்லை, ஒரு லயத்தின், சில வேளை ஒரு டிவிசனின் பிள்ளையாக வருகின்றார். கோயிலிலே அருச்சனை செய்து வழியனுப்பப்பட்டவர் ஒரு பாடத்தில் தவறினேன் என்று எவரிடம் சொல்வது?

இதனோடு மாவட்டக் கோட்டா என்ற பேச்சும் சேர்கின்றது. பல்கலைக்கழக அனுமதியிலே பதுளை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. இது நீதியின்பாற்பட்ட ஏற்பாடு. ஆயின், 'குறைந்த புள்ளியில் வந்தவர்' என்ற முணுமுணுப்பு விரிவுரை மண்டபத்தில் ஒருமுறை காதில் விழுந்தாலும் போதும், 'நான் இங்கிருக்கத் தகுதியற்றவன், என்றோ ஒருநாள் கண்டுபிடிக்கப்படுவேன்' என்ற அச்சம் குடிகொள்ளும். 1978இல் குளான்ஸ், ஐம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் உயர்நிலை எய்திய பெண்களிடம் கண்டு விவரித்த 'போலி உணர்வு' இதுவே. அவர்கள் கண்ட பெண்களுக்குச் சான்றிதழ்கள் இருந்தும் ஐயம் தீரவில்லை. இங்கோ ஐயத்தைப் பிறரே சான்றிதழாக எழுதித் தந்துவிடுகின்றனர்.

6. இரு தவறான முடிவுகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு வருதல் எளிது. இரண்டும் தவறானவை.

முதலாவது, இது மேனாட்டு வசதிபடைத்தோரின் நோய், நமக்கு வேண்டியது சம்பள உயர்வும் காணியும் வீடுமே என்பது. சம்பளமும் காணியும் வீடும் வேண்டுமென்பதில் ஐயமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, வீடு என்பது உயிர் பற்றிய விடயமென்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. ஆயினும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தோர் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பேரிடம் இக்கோளாறு காணப்படுவதாக மதிப்பிட்டுள்ளனர். மலையகம் மட்டும் இதற்கு விதிவிலக்காக இருக்கும் எனக் கொள்ள நியாயமில்லை. மலையகத்தாருக்கு வயிறு மட்டுமே உண்டு, நுண்ணிய மனம் இல்லை என்பது போன்ற கருத்து இம்முடிவின் உள்ளே மறைந்து கிடக்கின்றது. தொழிலாளர் நலன் பேசுவோர் அதனை ஏற்கலாகாது.

இரண்டாவது, பெயரைக் கண்டவுடன் அதனைத் தமக்குச் சூட்டிக்கொள்ளல். உறக்கமின்மை, இரத்தச்சோகை, மனச்சோர்வு, மதுப்பழக்கம், கண்ட கொடுமைகளின் வடு ஆகிய அனைத்தும் கவனத்தைச் சிதைக்க வல்லவை. பன்னிரண்டு வயதுக்கு முற்பட்ட வரலாறு இன்றி இந்நோயை நிர்ணயிக்க முடியாது. கைந்நூல்கள் பழைய பாடசாலை அறிக்கைகளைக் கேட்கின்றன. ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்த பள்ளியில் அவ்வறிக்கை எங்ஙனம் இருக்கும்? ஆனால் அறிக்கை இல்லாவிடினும் அறிந்தோர் உண்டு. பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்தவர், பாட்டி, அடுத்த காம்பராப் பெரியம்மா ஆகியோரின் நினைவு எந்த அறிக்கைக்கும் குறைந்ததன்று. அவர்களைக் கேட்பதற்கு அவர்களின் தமிழைக் கேட்டு விளங்கும் மருத்துவர் வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மொழிபெயர்ப்பாளர் ஊடாக எலும்பு முறிவைச் சொல்லிவிடலாம். தன் மீதே தனக்குள்ள ஐயத்தை அவ்வாறு சொல்லுதல் அரிது. பேச்சே மருந்தாகும் சிகிச்சையில் மொழி என்பது மருந்தின் அளவைப் போன்றது.

உளமருத்துவர் போதாத நாடுகள் கண்ட வழியொன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய 'நட்பு வாங்கு' என்னும் முயற்சியில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலையங்களின் வெளியே மரவாங்கில் அமர்ந்து, மக்களின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்க உதவினர். அதன் பயன் 2016இல் வெளியான ஆய்வொன்றினால் உறுதிப்பட்டது. மக்கள் தம் துயருக்கு வழங்கிய பெயரையே, அதாவது 'அளவுக்கு மிஞ்சி யோசித்தல்' எனப் பொருள்படும் உள்ளூர்ச் சொல்லையே அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 'ஒரே யோசனை' என்று நம்மவர் கூறுவதும் அதனையே. அவ்வாங்கு மனச்சோர்வுக்கும் கவலைக்கும் ஆனதே தவிர அவதானக் குறைபாட்டுக்கு ஆனதன்று. நோயை நிர்ணயித்தலும் மருந்தும் மருத்துவருக்கே உரியன. ஆனால் ஒரே கொப்பி, வேலையைத் துண்டாக்கல், குறித்துவைத்து மீளல் ஆகிய பயிற்சிகளை மூத்த மாணவரொருவர் இளையவருக்குத் தமிழிலே கற்றுக்கொடுக்க முடியும். நூலகத்தில் இருவர் அருகருகே அமர்ந்து தத்தம் வேலையைச் செய்வதற்கு மேசை போதும்.

முடிவாக நோக்குமிடத்து, வளர்ந்தோரின் அவதானக் குறைபாட்டுச் சிகிச்சை மலையகத்துக்கு வேண்டாத ஒன்றன்று. தன் கதவையும் கடிகாரத்தையும் தராசையும் அது முதலிலே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. அரைப்பேர் என்பது ஒரு நாளின் கொழுந்துக்கு ஒரு காலத்து நிர்வாகம் இட்ட விலை. அந்த விலை நியாயமானதா என்பதைத் தொழிற்சங்கங்கள் கேட்டு வந்துள்ளன, இனியும் கேட்கும். அதனை ஒரு மனிதருக்கு இட்ட விலையாக மாற விடாது தடுப்பது சிகிச்சையின் பொறுப்பு. மூன்று பக்கமே எழுதிய மாணவர் அம்மூன்று பக்கத்தையும் கிழிக்காது கொண்டுவந்து மேசையில் வைப்பாராயின், சிகிச்சை அங்கே தன் முதற்பயனைப் பெற்றுவிட்டதெனலாம்.